யாரால் கைவிடப்பட்டது?

‘கைவிடப்பட்ட முலாம் பட்டறையில் அபாயகரக் கழிவை அகற்றும் பணி.’ இத்தகைய தொடர்களை அரசுக் குறிப்புகளிலும் செய்திகளிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் அடிக்கடி காண்கிறோம். இலக்கணப்படி இதில் பிழையில்லை. ஆனால் தொடரை முழுவதும் படித்த பிறகும், கைவிட்டவர் யார் என்பது தெரிவதில்லை. அகற்றப்போகிறவர் யார், எவர் பணத்தில், எந்த அளவு வரை என்பனவும் தெரிவதில்லை. நச்சு மண் ஆண்டுக்கணக்கில் அள்ளப்படாமல் கிடப்பதற்குத் தொழில்நுட்பப் பற்றாக்குறையைக் காரணம் காட்டுவது நம் வழக்கம். அது முதற்காரணமன்று, பொறுப்பாளரின் பெயரைச் சொல்லாத ஆவண மொழியே முதற்காரணம் என்பது என் வாதம். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லையோரத் தமிழ் மக்களுக்கு இதனால் இரட்டை இழப்பு. அந்தப் பெயரற்ற ஆவணங்களும்கூட அவர்கள் படிக்கும் மொழியில் வருவதில்லை.

இலக்கணத்திலிருந்து தொடங்குகிறேன். ‘விட்டுப் போனான்’ என்னும்போது செய்தவன் பெயர் வெளிப்படாவிட்டாலும் வினைமுற்றின் ஈறு அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவேதான் அதனைத் ‘தோன்றா எழுவாய்’ என்கிறோம். தோன்றவில்லை, ஆனால் இருக்கிறது. ‘கைவிடப்பட்ட’ என்னும் பெயரெச்சத்துக்கு அந்த ஈறும் இல்லை. திணை, பால், எண், இடம் எதையும் அது காட்டாது. செய்தவரைச் சொல்ல வேண்டுமாயின் மூன்றாம் வேற்றுமையின் ‘ஆல்’ உருபை வலிந்து கொண்டுவர வேண்டும். நம் ஆவணங்களில் காணாமற்போவது அந்த ‘ஆல்’ தான். செயப்பாட்டுவினையின் மீது எனக்குப் பகையில்லை. ‘குரோமியம் ஒடுக்கப்படுகிறது’ என்று வேதியியலார் எழுதும்போது ஒடுக்கியவர் பெயர் தேவையில்லை. பொறுப்பைத் தீர்மானிக்க வேண்டிய ஆவணத்தில் அதே நடை வரும்போதுதான் அது மறைப்பாகிறது. ஊரார் பேச்சில் இந்த மறைப்பு இல்லை. ‘கம்பெனிக்காரன் போட்டுட்டுப் போயிட்டான்’ என்பார்கள். எழுவாய், பயனிலை, குற்றச்சாட்டு மூன்றும் அதில் உள. அந்த வாக்கியம் அலுவலகக் கோப்பில் ஏறும்போது ‘கைவிடப்பட்டது’ என மாறுகிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று நினைப்பவர்கள், முலாம் பட்டறை ஒன்று பூட்டப்படும்போது உள்ளே என்ன எஞ்சுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். முலாம் பூசும் உலோகப் பாகத்தின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, அமிலத்தில் தோய்த்து, உலோக உப்புக் கரைசல் நிறைந்த தொட்டியில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். பின்பு நீரில் அலசுகிறார்கள். அந்த அலசு நீரில் குரோமியம், நிக்கல், துத்தநாகம், காட்மியம் போன்றவை வெளியேறுகின்றன. நீரைச் சுத்திகரித்தால் அவை கசடாக அடியில் தங்கும். குரோமிய முலாமுக்கான தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். அது நீரில் கரைந்து நிலத்தடிக்கு இறங்கும், புற்றுநோயை உண்டாக்கும். துத்தநாகம், செம்பு, காட்மியம், வெள்ளி ஆகியவற்றுக்குச் சயனைடு கலந்த தொட்டிகளும் உண்டு. அமிலப் பீப்பாய் அரித்து ஒழுகிச் சயனைடோடு கலந்தால் உயிர் போக்கும் வாயு எழும். ஆகவே பூட்டிய பட்டறை உறங்கிக்கொண்டிருப்பதில்லை. ஒவ்வொரு மழைக்கும் அதன் நிலை மாறிக்கொண்டேயிருக்கிறது.

இதனைச் சுத்தம் செய்யும் முறையில் மர்மம் ஏதுமில்லை. முதலில் எந்தத் தொட்டியில் எது உள்ளது என்று கணக்கெடுக்க வேண்டும். அமிலத்தையும் சயனைடையும் பிரித்து வைக்க வேண்டும். சயனைடைக் காரநிலையில் குளோரின் கொண்டு சிதைக்கலாம். ஆறு இணைதிறன் குரோமியத்தைப் பெரஸ் சல்பேட்டு போன்றவற்றால் மூன்று இணைதிறனுக்கு ஒடுக்கிச் சுண்ணாம்பால் படியவைக்கலாம். கசடைக் கேரளத்தில் அம்பலமேட்டிலும் தமிழகத்தில் கும்மிடிப்பூண்டியிலும் உள்ளவை போன்ற பாதுகாப்பான நிலநிரப்பிடத்துக்கு அனுப்ப வேண்டும். பின்பு தரையையும் மண்ணையும் கிணற்று நீரையும் சோதிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் உலோகப் பரப்பு வேலைகளுக்கென்றே தனி இனம் உண்டு. முலாம் கசடும் அதில் அடங்கும். அதே விதிகளின்படி கழிவை ஏற்றும் லாரியோடு ஒரு படிவம் செல்ல வேண்டும். அனுப்புபவர், ஏற்றிச் செல்பவர், பெறுபவர் என மூவர் விவரமும் அதில் இருக்க வேண்டும். சட்டப்படி, எழுவாய் இல்லாமல் லாரியே நகராது.

பெயரிடுதலின் அரசியலுக்குப் பாலக்காட்டு எல்லையில் கண்கூடான சான்று பிளாச்சிமடா. அது முலாம் பட்டறையன்று, குளிர்பான ஆலை. ஆனால் காட்மியமும் ஈயமும் கலந்த கசடு, மூடப்பட்ட ஆலை, யாரும் பொறுப்பேற்காத நிலம் என்று சிக்கல் ஒன்றே. சித்தூர் தாலுகாவின் பெருமாட்டிப் பஞ்சாயத்தில் கோக்க-கோலாவின் இந்திய நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. கிணறுகள் வற்றியதையும் நீர் கெட்டதையும் எதிர்த்து 2002 ஏப்ரலில் ஆலை வாயிலில் போராட்டம் தொடங்கியது. எரவாளர் சமூகத்து மயிலம்மா அதன் முகமானார். ஆலையின் கசடு சுற்றுவட்டார உழவர்களுக்கு உரமாகக் கொடுக்கப்பட்டு வந்தது. 2003 ஜூலையில் பிபிசி வானொலி அக்கசடைப் பிரிட்டனில் ஆய்வு செய்வித்து, அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதை வெளியிட்டது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

இங்கே சொற்களின் பயணத்தைக் கவனியுங்கள். அள்ளிக் கொடுக்கும்போது அது ‘உரம்’. கேள்வி எழுந்ததும் ‘கசடு’. ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பும்போது ‘அபாயகரக் கழிவு’. பொருள் ஒன்றே, பெயர் மாறும்தோறும் பொறுப்பாளர் மாறுகிறார். உரமாயின் தோட்டத்தில் இட்ட உழவர், கழிவாயின் வெளியேற்றிய நிறுவனம், அபாயகரக் கழிவாயின் அனுமதித்த வாரியமும் சேர்த்து. எனவே ‘இதற்கு என்ன பெயர்’ என்ற சண்டை, ‘இதற்கு யார் பணம் கட்டுவது’ என்ற சண்டைதான்.

பின்பு நடந்ததும் பொதுப்பதிவில் உள்ளது. கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010 மார்ச்சில் இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீட்டைப் பெற்றுத் தரத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைச் சட்டமன்றம் 2011 பிப்ரவரி 24 அன்று நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டவில்லை. ஆலைக் கட்டடம் 2021-இல் கோவிட் சிகிச்சை மையமாயிற்று. கட்டடத்துக்குப் பயன் கிடைத்தது நல்லது. தோட்ட மண்ணில் கலந்த கசடுக்கு மட்டும் கணக்கு முடிக்கப்படவில்லை. மாநிலத்தின் சட்டமன்றம் எழுவாயைப் பெயர் சொல்லி எழுதிய பிறகும் அந்த வாக்கியம் முற்றுப்பெற விடப்படவில்லை.

தமிழகத்தில் இதற்கு இணையான பெருஞ்சான்று ராணிப்பேட்டை. சிப்காட் வளாகத்தில் இயங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம், தோல் பதனிடுதலுக்கு வேண்டிய குரோமிய உப்புகளைத் தயாரித்தது. 1990-களின் நடுப்பகுதியில் மூடப்பட்டபோது, குரோமியம் செறிந்த கழிவை லட்சக்கணக்கான டன் அளவில் விட்டுச் சென்றது. 2006-இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இடம்பெற்றது. ஆய்வுகள் நடந்தன, திட்ட அறிக்கைகள் எழுதப்பட்டன. கால் நூற்றாண்டு கடந்தும் கழிவுக் குவியல் ஊரின் நிலவியலில் ஓர் அங்கமாகவே இருந்தது. குரோமியத்தை ஒடுக்கும் வேதியியல் கல்லூரிப் பாடம். அதனைச் செய்வதற்கான செலவுச் சீட்டில் கையொப்பமிட வேண்டியவர் யார் என்பதற்குத்தான் எந்தப் பாடநூலிலும் விடையில்லை.

இவற்றோடு கொடைக்கானலை ஒப்பிட்டுப் பார்ப்போம். இடுக்கியின் வட்டவடைக்கு அப்பால் தொடரும் அதே மலைத்தொடர்தான் அது. அமெரிக்காவிலிருந்து 1983 வாக்கில் கொண்டுவரப்பட்ட வெப்பமானி ஆலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊர்ப் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை 2001 மார்ச்சில் மக்களும் சூழலியலாளரும் வெளிக்கொணர்ந்தனர். ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது. தாமதமானதும் முழுமையற்றதுமே ஆயினும் இவை நடந்தன. காரணம், அங்கே எழுவாய் ஒருபோதும் மறையவில்லை. நிறுவனத்தின் பெயர் ஒவ்வொரு பதாகையிலும் ஒவ்வொரு மனுவிலும் எழுதப்பட்டது. ஆயினும் அடுத்த கேள்வி உடனே எழுந்தது: எவ்வளவு சுத்தம் என்றால் சுத்தம்? மண்ணில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவு ஏற்கப்பட்டபோது, சோலைக்காட்டின் விளிம்பில் அது மிகத் தளர்ந்த அளவு என்று சூழலியலாளர் வாதிட்டனர். ‘தூய்மை’ என்பதும் பெயரற்ற சொல்லாக இருக்க இயலாது. அதற்கு ஓர் எண் வேண்டும். அந்த எண்ணைத் தீர்மானிக்கும் மேசையில் அங்கே வாழ்வோர் இருக்க வேண்டும்.

என் வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளில் முதலாவது: ‘பெரிய நிறுவனங்களை விடுங்கள். முலாம் பட்டறை வைத்திருப்பவர் பெரும்பாலும் சிறு முதலாளி. கடன்பட்டுப் பூட்டிவிட்டுப் போனவரிடம் எதை வசூலிப்பது?’ இக்கேள்வி நியாயமானது. இதற்கு அமெரிக்கா 1980-இல் இயற்றிய சட்டத்தில் ஒரு விடை இருக்கிறது. நிலத்தின் இன்றைய உரிமையாளர், கழிவு கொட்டப்பட்ட காலத்து உரிமையாளர், கழிவை அகற்ற ஏற்பாடு செய்தவர், ஏற்றிச் சென்றவர் ஆகிய நால்வரையும் அது பொறுப்பாக்குகிறது. ஒரு பயனிலைக்கு நான்கு எழுவாய்கள். நம் சூழலுக்கு நான் ஐந்தாவதாக ஒருவரைச் சேர்ப்பேன். பம்பு, மோட்டார், வாகனப் பாகங்களுக்கு முலாம் பூசும் வேலையை ‘ஜாப் ஒர்க்’ என்று வெளியே கொடுத்து, தன் வளாகத்தைத் தூய்மையாக வைத்துக்கொண்ட பெரிய நிறுவனம் அது. பளபளப்பை அவர் எடுத்துக்கொண்டார், கசடைச் சிறு பட்டறைக்காரர் வைத்துக்கொண்டார். கணக்கு அங்கே முடிந்துவிடக் கூடாது.

இரண்டாவது மறுப்பு: ‘யார் பொறுப்பு என்று வழக்காடிக்கொண்டிருந்தால் நச்சு இறங்கிக்கொண்டேயிருக்கும். முதலில் அள்ளுங்கள்.’ இதில் பாதியை ஏற்கிறேன். கசிவை நிறுத்த அரசு உடனே செலவிட வேண்டும். ஆனால் அந்தச் செலவு யார் பெயரில் பற்றெழுதப்படுகிறது என்பது முதல் நாளே எழுதப்பட வேண்டும். ராஜஸ்தானத்தின் பிச்ரி கிராமத்தை நினைவுகூருங்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் அதே கொள்கை அவ்வாண்டு ஆகஸ்டில் உறுதிபெற்றது. பிச்ரியில் நிறுவனங்களின் பெயர்கள் தீர்ப்பிலேயே இருந்தும், 2011-இல் கூட்டு வட்டியோடு செலுத்துமாறு நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. பெயர் எழுதப்பட்ட வழக்கே பதினைந்து ஆண்டு இழுக்குமாயின், பெயர் எழுதப்படாதது எத்தனை தலைமுறை இழுக்கும்?

இப்போது புதிய விதிகளுக்கு வருவோம். மாசடைந்த இடங்களின் மேலாண்மைக்கென மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை அறிவித்தது. ஐயத்துக்குரிய இடங்களை உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ அரையாண்டுக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும். மாநில வாரியம் 90 நாட்களில் முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். அதன்பின் விரிவான ஆய்வு. பொறுப்பாளர் கண்டறியப்பட வேண்டும். அவர் கிடைக்காவிட்டாலோ செலுத்த இயலாவிட்டாலோ மத்திய, மாநில அரசுகள் செலவைப் பகிரும். நல்ல தொடக்கம். ஆனால் இடம் மாசடைந்தது என்று உறுதியான பின் அதனைச் சுத்தம் செய்து முடிக்கக் காலக்கெடு விதிக்கப்படவில்லை. விதிகள் வெளியான வேளையில், நாடெங்கும் கண்டறியப்பட்டிருந்த 103 மாசடைந்த இடங்களில் பணி தொடங்கியிருந்தவை ஏழே. பட்டியல் நீளும் வேகத்துக்கும் மண்வெட்டி இறங்கும் வேகத்துக்கும் உள்ள இடைவெளி இவ்வளவு.

முதல் அடியை உள்ளாட்சி எடுத்துவைக்க வேண்டும் என்பதுதான் நம் எல்லைப்பகுதிக்கு முக்கியமானது. சித்தூர்ப் பக்கத்திலும் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பக்கங்களிலும் கிராமசபைக்கு வரும் தமிழர், தம் ஊரின் மூடிய பட்டறையைப் பட்டியலில் சேர்க்கக் கோர வேண்டுமாயின், அப்படியொரு விதி இருப்பதே அவர்களுக்குத் தெரிய வேண்டும். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதவும் அதே மொழியில் விடை பெறவும் கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. அந்த உரிமை சாதிச் சான்றிதழுக்கும் நிலவரிக்கும் மட்டுமானதன்று, மண் ஆய்வறிக்கைக்கும் உரியது. நீரும் மொழி எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை. ஆழியாறு தமிழகத்திலிருந்து சித்தூர்ப்புழையாகக் கேரளத்துக்குள் செல்கிறது. மறையூர்ப் பக்கத்துப் பாம்பாறு கேரளத்திலிருந்து இறங்கி அமராவதியில் சேர்கிறது. இரு மாநில வாரியங்களின் அறிக்கைகளும் இருபுறத்தாருக்கும் புரியும் மொழியில் இருக்க வேண்டியது சலுகையன்று, தேவை.

மொழிபெயர்ப்பிலும் கவனம் வேண்டும். ‘ரெமெடியேஷன்’ என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்து வெவ்வேறு செயல்கள் ஒளிந்துள்ளன: அள்ளி அகற்றுதல், இருந்த இடத்திலேயே வேதிமாற்றம் செய்தல், சிமெண்டு போன்றவற்றோடு கலந்து இறுக்குதல், மேலே மூடி போடுதல், வேலியிட்டுக் கண்காணித்தல். ஐந்தையும் ‘சீரமைப்பு’ என்று மொழிபெயர்த்துவிட்டால், அள்ளுவார்கள் என்று நம்பிக் கையெழுத்திட்ட ஊரார் மண் போட்டு மூடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சொல்லுக்கும் முலாம் பூசலாம். அடியிலிருக்கும் உலோகம் எது என்று சுரண்டிப் பார்ப்பது மொழியியலாரின் வேலை.

இங்கே என் கேள்வி பல்கலைக்கழகங்களை நோக்கித் திரும்புகிறது. பிளாச்சிமடா எத்தனையோ கருத்தரங்குகளில் ‘நேர்வாய்வு’ ஆகிவிட்டது. எதிர்ப்பின் சொல்லாடல், நீரின் அரசியல், விளிம்புநிலைக் குரல் என்று தலைப்புகளுக்குக் குறைவில்லை. எரவாளர் பேச்சு தமிழுக்கு எவ்வளவு நெருக்கமானது என்று ஒலிப்பதிவு செய்து ஆராய்கிறோம். அப்பேச்சில் ஒரு மண் ஆய்வறிக்கையை விளக்கிச் சொல்லும் பொறுப்பு யாருடையது என்று எந்தத் துறைக் கூட்டத்திலும் கேட்கப்படுவதில்லை. ‘இது செயற்பாட்டாளர் வேலை, ஆய்வாளர் வேலையன்று’ என்ற விடையை நான் ஏற்கமாட்டேன். தரவை எடுத்துக்கொண்டு, பட்டம் பெற்று, கட்டுரையில் ‘பாதிக்கப்பட்ட மக்கள்’ என்று எழுதுவதும் ‘ஆல்’ இல்லாத மற்றொரு வாக்கியமே.

ஜப்பானின் ஜின்சு ஆற்றுப்படுகை வேறொரு வழியைக் காட்டுகிறது. மிட்சுயி நிறுவனத்தின் சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் வயல்களில் படிந்து, எலும்பை நொறுக்கும் இதாய்-இதாய் நோயைத் தந்தது. 1972-இல் மேல்முறையீட்டிலும் வென்ற மக்கள் இழப்பீட்டோடு நின்றுவிடவில்லை. ஆலைக்குள் நுழைந்து பார்வையிடும் உரிமையையும், அதற்கான செலவை நிறுவனமே ஏற்க வேண்டும் என்ற உறுதியையும் எழுத்தில் பெற்றனர். ஆண்டுதோறும் அவர்களோடு ஆய்வாளர்களும் உள்ளே சென்றனர். வயல் மண்ணை மாற்றும் பணி 1979-இல் தொடங்கி 2012-இல் முடிந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள். அத்தனை காலமும் வாக்கியத்தில் எழுவாய் மாறவில்லை, அறிவாளர் வரிசையும் கலையவில்லை.

ஆகவே, நம்மால் இயலக்கூடிய நான்கினை முன்வைக்கிறேன்.

1. எல்லைப் பஞ்சாயத்துகளின் அரையாண்டுப் பட்டியலும் அதன்மீதான மதிப்பீட்டு அறிக்கைகளும் மலையாளத்தோடு தமிழிலும் வெளியிடப்பட வேண்டும். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டி இதனைத் தமிழில் எழுதிக் கேட்போம்.

2. ‘கைவிடப்பட்ட’ என்ற சொல் வரும் ஒவ்வோர் அறிக்கையிலும், கடைசியாக அனுமதி பெற்றவர், நில உரிமையாளர், அனுமதி வழங்கிய அலுவலகம் ஆகிய மூன்றும் அதே பத்தியில் இருக்க வேண்டும்.

3. வேதியியல், சட்டம், மொழியியல் மாணவர்கள் சேர்ந்து தமிழ்–மலையாளக் கலைச்சொல் கையேடு ஒன்றை உருவாக்க வேண்டும். மேற்சொன்ன ஐந்து செயல்களுக்கும் ஐந்து தனிச் சொற்கள் அதில் இருக்க வேண்டும்.

4. இப்பகுதியில் களப்பணி செய்யும் ஆய்வேடுகளுக்கு, ஊராருக்குப் புரியும் மொழியில் பத்துப் பக்கச் சுருக்கத்தை ஊரிலேயே படித்துக்காட்டுவதைத் துறைகள் நிபந்தனையாக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, பெரும் நிதி வேண்டியதில்லை. இதைப் படிக்கும் பேராசிரியர்களில் ஒருவரேனும் தம் துறையின் அடுத்த கூட்டத்தில் நான்காவது கோரிக்கையை எழுப்பட்டும். மாணவ நண்பர்கள் தம் ஆய்வேட்டில் ‘கைவிடப்பட்ட’ என்று எழுதிய இடத்தைத் தேடி, அதன் முன்னே யாருடைய பெயர் வர வேண்டும் என்று விசாரிக்கட்டும். பெயர் கிடைத்தால் இங்கே எழுதுங்கள்.